ஏழு மில்லிமீட்டர் அகலத்தில்

சேலத்துக்கு வடக்கே, மலை தொடங்கும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கரை வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 20. ஏற வேண்டிய உயரம் சுமார் 1,100 மீட்டர். மலைச் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் 42 பல் என்று போட்டுக்கொண்டு ஏறினால், ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 1.75 மீட்டர் நகரும். ஏரி கண்ணில் படுவதற்குள் கால்கள் 11,000 சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். அத்தனை சுற்றையும் தாங்குவது ஃபிரேமின் அடிவயிற்றில் குறுக்கே ஓடும் ஓர் அச்சு. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பேரிங். இன்றைய மலைச் சைக்கிள்கள் பலவற்றில் அந்தப் பேரிங்கின் அகலம் 7 மில்லிமீட்டர்தான்.

அச்சும் பேரிங்கும் அவற்றைப் பிடித்திருக்கும் கப்பும் சேர்ந்த இந்தத் தொகுதிக்குக் கடைகளில் பெயர் பிபி, அதாவது பாட்டம் பிராக்கெட். புதிதாக வாங்கப் போகிறவர் இரண்டு கேட்பார். லேசாக இருக்க வேண்டும், நெடுநாள் உழைக்க வேண்டும். இரண்டுமே நியாயமான ஆசைகள். ஆனால் பட்டியலில் அச்சிட்ட கிராம் கணக்கை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கைநழுவும். பிபியை எது கொல்கிறது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடை கொல்கிறதா என்று பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து, தரைக்கு இணையாக நிற்கும் கிராங்கின் மீது தன் முழு எடையையும் போடுகிறார். கிராங்கின் நீளம் 170 மி.மீ. 32 பல் சக்கரத்தின் ஆரம் சுமார் 65 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி 170ஐ 65ஆல் வகுத்தால் 2.6 வரும். ஆகவே அந்தக் கணத்தில் சங்கிலியை இழுக்கும் விசை 180 கிலோவைத் தாண்டுகிறது. கால் கீழே அழுத்த, சங்கிலி பின்னால் இழுக்க, பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வலது பேரிங் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. ஏறுவதற்குச் சுலபம் என்று முன்னால் 28 பல் சக்கரம் மாட்டினால் ஆரம் குறையும், அதே மிதிக்குச் சங்கிலி இன்னும் பலமாக இழுக்கும். காலுக்குக் கிடைத்த சலுகைக்கு விலை கொடுப்பது வலது பேரிங்.

இவ்வளவு சுமைக்கு அந்தச் சின்னப் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப் லுண்ட்பெரியும் அர்விட் பால்ம்கிரெனும் 1947இல் வெளியிட்ட கோட்பாட்டைத்தான் இன்றும் பேரிங் தொழில் முழுவதும் பின்பற்றுகிறது. குண்டு உருளும் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் உலோகம் அழுந்தி மீள்கிறது. கோடிக்கணக்கான முறை அப்படி அழுந்தி மீண்ட பிறகு, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு நுண்விரிசல் பிறந்து, வளர்ந்து, மேலே வந்து செதிலாகப் பெயர்கிறது. இதுதான் பேரிங்கின் களைப்புச் சாவு. பேரிங் அட்டவணையில் உள்ள தாங்குதிறனை உண்மையான சுமையால் வகுத்து, மூன்றடுக்குக்கு உயர்த்தினால், எத்தனை பத்து லட்சம் சுற்று என்று கிடைக்கும். அத்தனை சுற்று ஓடிய பின்னும் நூற்றில் தொண்ணூறு பேரிங்குகள் நல்ல நிலையில் இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள்.

பிபிகளில் பரவலாகப் புழங்கும் 6805 அளவுப் பேரிங்கின் தாங்குதிறன் சுமார் 4.3 கிலோநியூட்டன், அதாவது 440 கிலோ. ஏற்காடு ஏறும்போது சராசரிச் சுமையைத் தாராளமாக 1.5 கிலோநியூட்டன் என்று வைப்போம். வகுத்தால் 2.87, மூன்றடுக்கு எடுத்தால் ஏறக்குறைய 23.5. ஆக 2 கோடியே 35 லட்சம் சுற்று. ஒரு ஏற்றத்துக்கு 11,000 சுற்று என்றால் இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏறலாம். வாரம் தவறாமல் ஒரு முறை ஏறினாலும் நாற்பது ஆண்டு ஆகும்.

ஆனால் சேலத்தில், ராசிபுரத்தில், நாமக்கல்லில் மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மழைக்காலத்தில் பிபி கரகரக்கத் தொடங்கியதைச் சொல்வார்கள். நாற்பது ஆண்டுக்கான பொருள் நாலு மாதத்தில் போகிறதென்றால் அதைக் கொன்றது எடை அல்ல, களைப்பும் அல்ல. உள்ளே புகுந்த மண்ணும் தண்ணீரும்தான் கொன்றிருக்கின்றன.

எந்த மண் என்பது முக்கியம். இந்த வட்டாரத்தின் செம்மண்ணில் குவார்ட்ஸ் பொடி தாராளமாகக் கலந்திருக்கிறது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துக் கருங்கல்லும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்ததே. கஞ்சமலையின் இரும்புத் தாது மேக்னடைட்டும் குவார்ட்ஸும் வரிவரியாகப் படிந்த பாறை. விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் நல்ல பேரிங் எஃகு 700 முதல் 750 வரை வரும். குவார்ட்ஸ் ஆயிரத்தைத் தாண்டும். அதனால் கஞ்சமலை அடிவாரத் தடங்களில் ஓட்டும்போது பறக்கும் பொடியில் ஒரு துகள் பேரிங்குக்குள் போனாலும் அது எஃகில் பள்ளம் போடும். குண்டு அந்தத் துகளை நசுக்கும், நசுங்கியது இரண்டாகும், இரண்டும் இரண்டு பள்ளம் போடும். அந்தப் பள்ளங்களின் விளிம்பில்தான் களைப்பு விரிசல் முன்கூட்டியே பிறக்கிறது. நாற்பது ஆண்டு என்று போட்ட கணக்கு வழவழப்பான பாதைக்குப் போட்டது, பள்ளம் விழுந்த பாதைக்கு அது செல்லாது.

இதே வட்டாரத்தில் இன்னொரு தூசியும் உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் திசையில், மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த வெள்ளைக்கல் சுரங்கங்களின் வெண்தூசி. பார்க்கப் பயமுறுத்தும், காலையும் சங்கிலியையும் வெள்ளையாக்கும். ஆனால் மேக்னசைட் மென்மையான கனிமம். மோஸ் அளவில் நான்கைச் சுற்றித்தான் வரும், குவார்ட்ஸோ ஏழு. வெண்தூசி கிரீஸைக் களிம்பாக்கும், எஃகைக் கீறாது. கண்ணுக்குத் தெரியாத செம்மண் பொடிதான் கீறுகிறது. சுரங்கப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தவர் பதறிப்போய் வண்டியைக் கழுவுவதும், செம்மண் தடத்தில் ஓட்டியவர் துடைக்காமல் நிறுத்துவதும் வழக்கமாக இருக்கிறது. தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மண் தானாக உள்ளே போவதில்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் அதைச் சுமந்துகொண்டு போகிறது. தண்ணீர் எப்படிப் போகிறது என்பதில் இந்த ஊர் மலைகளுக்கே உரிய ஓர் இயற்பியல் இருக்கிறது.

பேரிங்கின் இரு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிறது. உள்ளே கிரீஸ், கிரீஸ் போக மீதி இடத்தில் காற்று. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டியின் கறுப்பு உலோகம் 50 டிகிரியைத் தொடும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து, சீலின் உதட்டைத் தள்ளிக் கொஞ்சம் வெளியேறும். அதே வண்டியோடு 25 டிகிரி ஓடையில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்குகிறது. 323 கெல்வினிலிருந்து 298 கெல்வினுக்கு வந்தால் அழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் குறையும். வளிமண்டல அழுத்தத்தில் 8 சதவீதம் என்பது 80 சென்டிமீட்டர் ஆழத் தண்ணீரின் அழுத்தம். சீல் முழங்கால் தண்ணீரில்கூட இல்லை. ஆனால் உள்ளிழுப்பின் பலத்தைப் பார்த்தால் அது இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கியதற்குச் சமம்.

மலை இறக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 280 மீட்டர். மேலே காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும், கீழே 980. மேலே ஓர் இரவு தங்கினால் பேரிங்கின் உட்காற்று மேலே உள்ள அழுத்தத்துக்கு வந்துவிடும். காலையில் மழையோடு மழையாக இறங்கும்போது வெளியழுத்தம் ஒவ்வொரு வளைவிலும் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளும் வெளியும் சமமாக வேண்டுமானால் சீல் வழியாக ஏதாவது உள்ளே போயாக வேண்டும். சீலின் உதடு காய்ந்திருந்தால் காற்று போகும். அது சேற்றுத் தண்ணீரில் நனைந்திருந்தால் அந்தத் தண்ணீர்தான் போகும். காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள் ஏறும் கொல்லிமலைக்கும் இதே கணக்குதான். பிபிக்கு ஏற்றத்தில் வரும் சுமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதன் ஆயுளை உண்மையில் தின்பது மழையில் இறங்கும் இறக்கம்.

இன்னொரு வழியாகவும் தண்ணீர் வரும். சீட்டுத் தண்டுக் குழாயின் வாய் வழியாக மழை உள்ளே இறங்கி, நேராக பிபி ஷெல்லில், அதாவது பிபி உட்காரும் ஃபிரேம் குழாயில், குளமாகத் தேங்கும். அதை வெளியேற்றத்தான் பல ஃபிரேம்களில் ஷெல்லின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கிறது. சேறு அடைத்த ஓட்டையை ஒரு கம்பியால் குத்தித் திறந்து வைப்பதைப் போல மலிவான பிபி பராமரிப்பு வேறில்லை. மூன்றாவது வழியை நாமே திறந்து கொடுக்கிறோம். வாட்டர் சர்வீஸ் கடையில் பைக்குக்கும் லாரிக்கும் அடிக்கும் பீச்சுக் குழாயின் அழுத்தம் 100 பார் அளவுக்குப் போகலாம். வளிமண்டலத்தின் நூறு மடங்கு. அதைப் பக்கவாட்டிலிருந்து பிபி மீது பிடித்தால் எந்த நிறுவனத்தின் எந்த சீலும் நிற்காது. தயவுசெய்து அங்கே கொண்டு போகாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போய், “அண்ணா, லேசா ஒரு பிபி போட்டுடுங்க” என்று கேட்டால், விவரமான மெக்கானிக் உடனே பெட்டியைத் திறக்க மாட்டார். “போட்டரலாமுங்க தம்பி. மழையில ஓட்டுவீங்களா? ஓடையில எறக்குவீங்களா?” என்று கேட்பார். பொருளின் எடையைவிட அந்தப் பதில்தான் அவருக்கு முக்கியம்.

இனி உலோகத்துக்கு வருவோம். சேலத்தில் இருந்துகொண்டு எஃகைப் பற்றி அவசரமாகப் பேசி நகர மனம் வரவில்லை. மூசையில் உருக்கிய உயர்கரி எஃகுக்கு இந்த வட்டாரம் ஒரு காலத்தில் பெயர் பெற்றது. 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் கண் வைத்ததும் சேலத்துத் தாதின் மீதுதான். அந்தப் பழைய எஃகில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் கரி இருந்தது. இன்றைய பேரிங் எஃகிலும் கரி ஒரு சதவீதம், கூடவே குரோமியம் ஒன்றரை சதவீதம். கடினத்தன்மை கரியால் வருகிறது. அந்த எஃகின் ஒரே பலவீனம் துரு. ஒன்றரை சதவீதக் குரோமியத்தால் தண்ணீரைத் தடுக்க முடியாது.

துருப்பிடிக்காத எஃகு என்றால் சேலத்துக்காரருக்கு உடனே நினைவுக்கு வருவது கஞ்சமலை அடிவாரத்தில் 1980களின் தொடக்கத்தில் ஓடத் தொடங்கிய சேலம் உருக்காலை. நம் வீட்டுப் பாத்திரங்களில் இருக்கும் அந்த 300 வரிசை ஸ்டெயின்லெஸை ஏன் பேரிங்குக்குப் பயன்படுத்துவதில்லை என்று கேட்கலாம். அதில் கரி மிகக் குறைவு. காய்ச்சித் தோய்த்தாலும் அது கடினமாவதில்லை. குண்டு உருண்டால் குழிந்துவிடும். பேரிங்குக்கு வேண்டிய ஸ்டெயின்லெஸ் வேறு சாதி. 440சி என்று பெயர். ஒரு சதவீதக் கரியும் 17 சதவீதத்தை ஒட்டிய குரோமியமும் சேர்ந்தது. சாதாரணப் பேரிங் எஃகைவிடக் கடினம் சற்றுக் குறைவு, விலை கூடுதல், தண்ணீருக்குப் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். மழையிலும் ஓட்டுகிறவர் கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் இதற்குக் கொடுக்கலாம்.

செராமிக் பேரிங்குக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிலிக்கான் நைட்ரைடு குண்டுகள் அருமையானவை. எஃகில் பாதி எடைகூட இல்லை, துருப்பிடிக்காது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று ஓடும் எந்திரங்களில் அவற்றுக்கு ஈடில்லை. பெடல் நிமிடத்துக்கு 60 முதல் 90 வரைதான் சுற்றுகிறது. அந்த வேகத்தில் நல்ல எஃகுப் பேரிங்கின் உராய்வு இழப்பே மிகச் சொற்பம், அதிலும் பெரும்பங்கு சீலும் கிரீஸும் உண்டாக்குவது. குண்டை மாற்றி அதைக் குறைக்க முடியாது. அதோடு செராமிக் குண்டு ஓடும் பாதை எஃகுதான். குவார்ட்ஸ் துகள் உள்ளே வந்தால் அந்தப் பாதை எப்போதும்போல் பள்ளமாகும். நிமிடத்துக்கு எழுபது சுற்று சுற்றும் கிராங்குக்கு, வேக எந்திரங்களுக்கான ஏபிஇசி துல்லிய எண்ணும் தேவையில்லாத செலவு.

எடைக் குறைப்பின் உண்மையான கதை வேறிடத்தில் நடந்தது. அது பொருளில் நடக்கவில்லை, வடிவத்தில் நடந்தது. பழைய சதுரமுனை அச்சு சுமார் 17 மி.மீ. தடிமனுள்ள திண்ணிய கம்பி. ஒரு தண்டை முறுக்கினால் அதன் நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது, வெளிப்புறம்தான் எதிர்த்து நிற்கிறது. முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், எடை இரண்டாம் அடுக்கில் மட்டுமே கூடும். ஆகவே நடுவில் உள்ளதைக் குடைந்தெடுத்து வெளியே தள்ளினால் லாபம். 24 மி.மீ. வெளிவிட்டமும் 19 மி.மீ. உள்விட்டமும் உள்ள குழாயை அந்தத் திண்ணிய கம்பியோடு ஒப்பிட்டால், எடை கால்வாசி குறைகிறது, விறைப்பு இரண்டரை மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. எதையும் விட்டுக்கொடுக்காமல் கிடைத்த லேசு இது.

ஆனால் ஷெல்லுக்குள் இடம் குறைவு. குழாய் பருத்தால் குண்டு சிறுக்க வேண்டும். 1990களின் பிற்பகுதியில் வந்த ஆக்டாலிங்க், ஐசிஸ் வகைகள் பருத்த குழாயை அதே பழைய ஷெல்லுக்குள் திணித்தன. கால் அங்குலப் பால்ரஸ் ஓடிய இடத்தில் பொடிக் குண்டுகள் ஓடின, அதற்கேற்ப ஆயுளும் சுருங்கியது. 2003இல் ஷிமானோ தன் எக்ஸ்டிஆர் வரிசையில் கொண்டுவந்த ஹாலோடெக் 2 இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. பேரிங்கையே ஷெல்லுக்கு வெளியே, இரு பக்கமும் கப்பில் வைத்தது. நல்ல குண்டுக்கும் பருத்த குழாய்க்கும் ஒருசேர இடம் கிடைத்தது. இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே தூரம் கூடியதால் அச்சின் ஆட்டமும் குறைந்தது. பேரிங் வெளியே வந்ததால் சேறு தெறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது என்பது மட்டும் அதன் குறை.

அடுத்த படி அலுமினியம். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பிலும் மூன்றில் ஒரு பங்கு. அதனால் அச்சு இன்னும் பருக்க வேண்டும், 30 மி.மீ. ஆனது. 4 மி.மீ. சுவருள்ள அலுமினியக் குழாயை 24 மி.மீ. எஃகுக் குழாயோடு ஒப்பிட்டால் விறைப்பு ஏறக்குறைய அதே அளவு, எடை மூன்றில் ஒரு பங்கு குறைவு. கேனன்டேல் நிறுவனம் 2000இல் தொடங்கிய பிபி30 இந்த வழியில் வந்தது. ஏற்காட்டையும் கொல்லிமலையையும் ஏறுகிறவர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. மேட்டூரில் 1960களில் உருவான மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கு இந்த இரண்டு மலைகளின் உச்சிகளிலிருந்தும் பாக்சைட் போனது.

30 மி.மீ. அச்சைப் பெரிய ஷெல்லில் வைத்தால் பிரச்சினை இல்லை. 41 மி.மீ. துளையுள்ள ஷெல்லில் வைத்தால் பேரிங்குக்கு மிஞ்சும் இடம் மிகக் கொஞ்சம், மறுபடியும் பொடிக் குண்டு, மறுபடியும் குறைந்த ஆயுள். பட்டியலில் இந்தச் சேர்க்கை மிக லேசாகத் தெரியும். நம் மண்ணுக்கு இதைத் தவிர்த்துவிடுங்கள். ஸ்ராம் நிறுவனம் 2018இல் டப் என்ற பெயரில் 28.99 மி.மீ. அச்சைக் கொண்டுவந்ததற்கும் இதுவே காரணம். ஒரு மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்தால் சீலுக்கும் குண்டுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

லேசின் விலையை ஒரே ஜோடி எண்ணில் பார்க்கலாம். தண்ணீர் மோட்டாரிலும் பட்டறை எந்திரங்களிலும் ஓடும் 6205 பேரிங்கை நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். அதன் உள்விட்டம் 25 மி.மீ. 6805க்கும் அதே 25 மி.மீ. தான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் கிடைக்கும் என்பது பேரிங் உலகத்துப் பொது வழக்கம். 6205இன் எடை 130 கிராம், தாங்குதிறன் 14 கிலோநியூட்டன். 6805இன் எடை 22 கிராம், தாங்குதிறன் 4.3. ஆறில் ஒரு பங்கு எடைக்கு மூன்றில் ஒரு பங்கு தாங்குதிறன். மூன்றடுக்குக் கணக்கில் ஆயுள் முப்பது மடங்குக்கும் மேல் குறைகிறது. அப்படிக் குறைந்த பிறகும் நாற்பது ஆண்டு மிஞ்சுகிறது என்று மேலே பார்த்தோம். இந்த லேசு நியாயமானது. இதற்குக் கீழே போவதுதான் நியாயமில்லாதது.

கீழே போனால் எவ்வளவு மிச்சம்? நடுத்தர விலை பிபி சுமார் 90 கிராம், உயர்ந்த விலையது 75 கிராம் என்ற அளவில் இருக்கும். வித்தியாசத்தை 20 கிராம் என்றே வைப்போம். 20 கிராமை 1,100 மீட்டர் தூக்க 216 ஜூல் வேண்டும். 200 வாட் சக்தியில் மிதிக்கிறவருக்கு அது ஒரு விநாடி வேலை. ஏற்காடு ஏறும் மொத்த நேரத்தில் ஒரே ஒரு விநாடி. ஒரு மடக்குத் தண்ணீரைக் கீழேயே கொட்டிவிட்டு ஏறினால் அதே விநாடி கிடைக்கும். கிராம்களை ஒப்பிடும்போது ஒரு நேர்மை வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சதுரமுனை பிபியின் 250, 300 கிராமில் அச்சும் அடக்கம். வெளிக்கப் பிபியின் 90 கிராமில் அச்சு இல்லை, அது கிராங்கோடு ஒட்டியிருக்கிறது. கிராங்கையும் பிபியையும் சேர்த்து நிறுத்தால்தான் ஒப்பீடு.

மரையா, அழுத்திச் செருகுவதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் பிஎஸ்ஏ என்ற பெயரைத் தெரியாத வீடு குறைவு. 1949இல் சென்னை அம்பத்தூரில் பிறந்த டிஐ சைக்கிள்ஸ் அந்தப் பெயரை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. பெயரின் மூலம் 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அவர்களுடைய பிபி மரை, 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை என்ற அளவு, இன்றைக்கும் உலகெங்கும் மலைச் சைக்கிள்களில் பிஎஸ்ஏ என்ற பெயரிலேயே நிலைத்திருக்கிறது. மலைச் சைக்கிளுக்கு ஷெல் அகலம் பெரும்பாலும் 73 மி.மீ.

இந்த மரையில் ஓர் அழகான நுட்பம் உண்டு. வலது கப்பின் மரை தலைகீழ், இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். அச்சு சுற்றும்போது ஒவ்வொரு குண்டும் கப்பைத் தன் இடத்தில் மயிரிழை அழுத்துகிறது. அந்த அழுத்தப் புள்ளிகள் அச்சின் திசையிலேயே சுற்றி நகர, கப் மெல்ல எதிர்த்திசையில் ஊர்கிறது. வலப்பக்கமிருந்து பார்த்தால் அச்சு கடிகாரத் திசையில் போகிறது, கப் அதற்கு எதிராக ஊர்கிறது. சாதாரண மரையாக இருந்தால் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும், இடமரை என்பதால் ஓட்ட ஓட்ட இறுகும். இத்தாலிய வகையில் இரு பக்கமும் வலமரை. அதில் வலது கப் கழன்றுகொள்வது அந்த வகையை வைத்திருப்பவர்களின் தீராத தொல்லை.

அழுத்திச் செருகும் வகையில் மரையே இல்லை. ஃபிரேமில் துளை, அதற்குள் கப்பையோ பேரிங்கையோ கருவியால் அமுக்குகிறார்கள். ஃபிரேமின் எடை குறைகிறது, தயாரிப்பவருக்குச் செலவும் குறைகிறது. ஆனால் துளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பெரிதாகிவிட்டாலே கப் அசையும், அசைந்தால் கிரீச் சத்தம், அந்த இடுக்கில் தண்ணீர், தண்ணீரோடு குவார்ட்ஸ். இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பேரிங் கோணலாக நின்று சுற்றும், களைப்புக் கணக்கும் கவிழும். துல்லியமாகச் செய்த ஃபிரேமில் இது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் வாங்குகிறவர் துளையை மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்க முடியாது. 2015இல் கிறிஸ் கிங், ஆர்கோனாட் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் முன்வைத்த டி47, பெரிய துளையிலும் மரையை மீட்டுக் கொண்டுவந்தது. புதுச் சைக்கிளே வாங்குவதாக இருந்தால் மரை உள்ள ஃபிரேமைத் தேடுங்கள்.

ஆக, சேலம் நாமக்கல் சமவெளியில் ஓட்டிக்கொண்டு அவ்வப்போது மலை ஏறுகிறவருக்கு என் தேர்வு, பிஎஸ்ஏ மரையில் 24 மி.மீ. எஃகு அச்சுக்கான வெளிக்கப் பிபி. டப் வகையும் நல்லதே. பேரிங்கில் இரு பக்கமும் தொட்டு நிற்கும் ரப்பர் சீல் இருக்க வேண்டும், 2ஆர்எஸ் என்று பொறித்திருக்கும். இசட்இசட் என்றால் தகர மூடிதான், அது தண்ணீரைத் தடுக்காது. ஏரிக்கரையும் வாய்க்கால் வரப்புமாகத் தினமும் ஓட்டி, மலை பக்கம் போகாதவருக்குப் பழைய சதுரமுனையிலேயே சீல் வைத்த கார்ட்ரிட்ஜ் வகை போதும். எடை கூடுதல். ஆனால் பேரிங்குகள் ஷெல்லுக்கு உள்ளே பத்திரமாக இருக்கின்றன, விலையும் சில நூறு ரூபாய்தான், நாமக்கல்லில் எந்தக் கடையிலும் கழற்றத் தெரியும்.

வெளிக்கப் பிபிக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. பேரிங் போனால் கப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பல வகைகளில் உள்ளே இருப்பது 6805 தான், 25 மி.மீ. துளையை 24 ஆக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் கூட இருக்கும். லாரியும் ரிக் வண்டியும் கட்டும் ஊர்களில் பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய், வெளிவிட்டம் 37, அகலம் 7 என்று அளந்து காட்டி வாங்கலாம். புதிய, சிறிய கப் வகைகளுக்கு அளவு வேறு, அங்கே முழுத் தொகுதியாக மாற்றுவதே சரி.

மாட்டுவதில் கவனம் வேண்டும், ஏனெனில் மண்ணுக்கு அடுத்தபடியாகப் பேரிங்கைக் கொல்வது ஸ்பேனர். ஷெல்லின் இரு முகங்களிலும் பெயிண்ட் திட்டுத்திட்டாக இருந்தால் கப் சாய்ந்து உட்காரும், அதை முகம் சீவும் கருவியால் சமப்படுத்தச் சொல்லுங்கள். மரையில் கிரீஸ் தடவி, கப்பை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். பிறகு ஷிமானோ வகையில் இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடி. இதற்கு 0.4 முதல் 0.7 நியூட்டன் மீட்டர்தான், விரலால் திருகும் பலம். பக்கவாட்டு ஆட்டத்தை நீக்குவது மட்டுமே இந்த மூடியின் வேலை. இதைப் பலமாக இறுக்கினால், பக்கவாட்டுச் சுமைக்காகச் செய்யாத அந்த மெல்லிய பேரிங் ஓயாத அழுத்தத்தில் சுற்றி, நல்ல கோடையிலேயே போய்விடும். கடைசியாகக் கிராங்கின் இரண்டு போல்ட்டுகள், 12 முதல் 14 வரை, மாறி மாறி இறுக்க வேண்டும்.

சத்தம் வந்தால் உடனே பிபியைக் குறை சொல்ல வேண்டாம். பெடல் மரை, பல்சக்கர போல்ட், சீட்டுத் தண்டு எல்லாமே அதே இடத்திலிருந்து வருவதுபோல் ஒலிக்கும், ஃபிரேம் குழாய்கள் சத்தத்தை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. எழுந்து நின்று மிதித்தால் நிற்கும் சத்தம் சீட்டிலிருந்து வருகிறது. பெடலைக் கழற்றிக் கிரீஸ் போட்டு மாட்டிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் சங்கிலியைப் பல்சக்கரத்திலிருந்து இறக்கிவிட்டு, கிராங்கை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். கெட்டியான கிரீஸின் சீரான தடை இருந்தால் பேரிங் நல்லது. புதிய சீலும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும், அதைக் குறையாக எண்ணாதீர்கள். விரல் நுனியில் மணல் நெறிபடுவது தெரிந்தால், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டினால், பள்ளம் விழுந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை இறங்கி வந்த ஒவ்வொரு முறையும், வண்டியைத் துடைத்து ஷெல் ஓட்டையைத் திறந்து விட்டபின் செய்ய வேண்டிய சோதனை இது.